சோலார் காட்டில் மேய்ச்சல்

மஞ்சள் ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டே அழகுத்தாய் ஒப்பிக்கிறார். "கருமூஞ்சி, மொட்டைக்காதி, சாமியாடி, சீனிக்கண்ணு..." கேட் காவலர் சபியுல்லா பேனாவோடு திணறுகிறார். உள்ளே போகும் எல்லோருடைய பெயரையும் எழுத வேண்டும் என்பது இந்த சோலார் பண்ணையின் விதி.

"மொத்தமா நாப்பத்தொரு ஆடுன்னு போட்டுருதேன் யக்கா."

"அப்போ உங்களயும் ஒரு ஆளுன்னு போட்டாப் போதுமா பாய்?"

அந்த வாரம் தினமும் நாற்பத்தொரு பெயர்களும் பதிவாயின.

பசுவந்தனை ஊருக்குக் கிழக்கே அழகுத்தாய் ஆடு மேய்த்த தரிசு முழுவதும் இப்போது வேலிக்குள், கண்ணாடிப் பலகைகளாக நிற்கிறது. அங்கே நான் ஜூனியர் இன்ஜினியர். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். ஆனால் ஒரு மழைக்கே கரிசலில் புல் இடுப்பளவு எழும்பும், அதன் நிழல் விழுந்தால் மின்சாரம் குறையும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. மிஷின் விட்டு அறுத்தால் தரையில் கிடக்கும் சுக்கான்கல் தெறித்துக் கண்ணாடி உடைகிறது.

வேலிக்கு வெளியே நின்று அழகுத்தாய்தான் கேட்டார். "உள்ள புல்லு உங்களப் பாடாப் படுத்துது. வெளிய எங்க ஆடு பட்டினி கெடக்கு. கேட்டத் தெறக்கதுல என்ன கஷ்டம்?"

மேனேஜர் இராமச்சந்திரன் பார்ப்போம் என்று ஒரு வாரம் தவணை கொடுத்தார். வெள்ளாடு பலகை மேல் ஏறும். செம்மறி மட்டும்தான் வரலாம். ஒரு கண்ணாடி கீறினாலும் அத்தனையும் வெளியே. அப்படி நடந்தால் ஆடுகளை விற்றுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று அழகுத்தாய்க்குத் தெரியும்.

ஐந்து நாள் பொட்டாடுகள் என்ற வேம்பூர்ச் செம்மறிகள் குனிந்த தலை நிமிராமல் புல்லை மழித்தன. ஆறாம் நாள். மேனேஜர் நடந்துவந்த பாதைக்கு நேராக, ஒரு பலகையின் உச்சியில் சாமியாடி நின்றாள். தாயில்லாத வெள்ளாட்டுக் குட்டி அவள். செம்மறிகளிடம் பால் குடித்து வளர்ந்ததால், அழகுத்தாய் அவளையும் செம்மறியாகவே எண்ணிவிட்டார்.

"இதுவா செம்மறி?" என்றார் மேனேஜர்.

"குடிச்சது செம்மறிப் பாலுதான் சார். காலு மட்டும் வெள்ளாடாப் போச்சி."

சொல்லிக்கொண்டே அழகுத்தாய் சாமியாடியைக் கீழே இறக்கினார். நான் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மின்சாரம் குறையவில்லை. கண்ணாடியை விரலால் தடவினேன். கீறலும் இல்லை. குட்டியை அணைத்தபடி அழகுத்தாய் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளை மட்டும் கேட்ல பாய்கிட்ட கட்டிப் போடுங்க" என்றார் மேனேஜர். இப்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மத்தவங்க, புல்லு இருக்கிற வரைக்கும் வரட்டும்."

அழகுத்தாய் சாமியாடியை என் கையில் கொடுத்தார். பலகையில் படிந்திருந்த கரிசல் தூசியில் நான்கு குளம்புத் தடங்கள். முந்தானையை இழுத்து அவற்றைத் துடைத்தார். துடைத்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தார். பிறகு முழுப் பலகையையும் துடைத்துவிட்டு, முந்தானையை ஒரு உதறு உதறி, அடுத்த பலகைக்குப் போனார்.