ஆறாவது குழியில் விழுந்த பட்டை

இது தஞ்சாவூரில் நடந்தது. கட்டுக்கதை என்பவர்கள் அந்த ஃபிலிமை வந்து பார்க்கலாம். லேப் அலமாரியில்தான் கிடக்கிறது.

இளஞ்செழியன் மாதிரி சோம்பேறிக்கு டாக்டர் பட்டம் ஒரு கேடு. ஆக்டின் என்பது தசையில் நிறையவும், மற்ற செல்களில் ஓரளவும் இருக்கும் புரதம். அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றினால் ஃபிலிமில் கறுப்புப் பட்டை விழும். மாதிரிகளைச் சம அளவில் போட்டதற்கு அதுதான் சாட்சி. ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக எடுக்க வேண்டும். இந்த மகானுபாவனோ, இறந்துபோன சீனியர் வானதியின் பழைய படத்திலிருந்து இடது ஓரம் உடைந்த ஆறாவது பட்டையை மட்டும் வெட்டி, ஆய்வேட்டில் நாற்பத்து நான்கு இடத்தில் ஒட்டியிருந்தான்.

"செத்தவ வந்து கேக்கவா போறா?" என்று ஜூனியர் அனீஸாவிடம் இளித்தான்.

கேட்டது கைடு பேராசிரியர். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரிஜினல் ஃபிலிம் வேணும். இல்லன்னா கையெழுத்து கிடையாது."

வியாழன், பகல் 2.10. புதிதாக ஒரு படமாவது எடுத்துக் காட்ட, இருட்டறைக்குள் போய்த் தாழ் போட்டான். முந்தின நாளே ஜெல் தகட்டின் ஐந்து குழிகளில் மாதிரி ஊற்றியிருந்தான்; குழிக்கு ஒரு பட்டை விழ வேண்டும். ஆறாவதில் வெறும் கரைசல்; அங்கே எதுவும் விழாது. ஃபிலிமின் ஒரு மூலையைக் கத்தரித்து அடையாளம் வைப்பது அந்த லேப் வழக்கம், ஆளுக்கொரு மூலை. இவனுக்கு அதற்கும் உடம்பு வணங்கவில்லை. கத்தரிக்கோலே எடுத்துப் போகவில்லை.

விளக்கை அணைத்தான். மாதிரி ஏறிய தாளின் மேல் ஃபிலிமை வைத்தான். அங்கே எல்லோரும் செய்வதுபோல வாய்விட்டு எண்ணினான்.

"ஒண்ணு... ரெண்டு..."

இருபதில் மூச்சு வாங்க நிறுத்தினான்.

எண்ணிக்கை நிற்கவில்லை.

"...இருபத்தொண்ணு... இருபத்திரெண்டு..."

டக் டக். கதவு. வெளியே அட்டெண்டர் நல்லக்கண்ணு.

"சார், உள்ள கூட யாரு? பொம்பளக் குரல் கேக்குதே?"



"...ஐம்பத்தெட்டு..."

சரக்...

கத்தரிக்கோல் சத்தம்.

"அறுபது."

2.17. சிவப்பு விளக்கு. ஃபிலிமைக் கழுவினான்.

ஐந்து இடமும் காலி.

ஆறாவதில் மட்டும் பட்டை. இடது ஓரம் உடைந்த பட்டை. நாற்பத்து நான்கு முறை ஒட்டியவனுக்குத் தெரியாதா?

ஃபிலிமின் கீழ் இடது மூலை... இல்லை.

மறுநாள் அந்த மூலையைப் பார்த்ததும் கைடுக்கு முகம் வெளுத்தது. "இது வானதி வெட்டுற மூலை" என்றார். அவளுடைய நோட்டை எடுத்து வரச் சொன்னார். அனீஸா அந்தப் பழைய படத்தின் பக்கத்தைத் தேடிப் பிடித்து வாசித்தாள்.

"ஆறாவது குழி: மாதிரி தீர்ந்துவிட்டது. என் விரலில் குத்தி எடுத்த ரத்தம் போட்டேன்."

கீழே தேதி. அன்று மாலைதான் திருவையாறு சாலையில் லாரி மோதி வானதி செத்துப்போனாள்.

கைடு கையெழுத்துப் போடவில்லை. நாற்பத்து நான்கு இடத்திலும் அவன் ஒட்டி வைத்திருந்தது அவளுடைய ரத்தம்.