புல்லுக்கு இரண்டு கோட்

என் கணவருக்குத் தோட்டப் பைத்தியம் பிடித்தது ஒரு காலண்டரால். ஆம்பூரில் அவர் வேலை பார்த்த தோல் தொழிற்சாலைக்குச் சாயம் அனுப்பும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வருஷா வருஷம் காலண்டர் கொடுக்கும். அந்த வருஷம் மாதத்துக்கு ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் ஒரு தோட்டம். பால் கணக்குக் குறிப்பதற்காக நான் அதைச் சமையலறையில் மாட்டினேன். அவர் எடுத்துக்கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டினார். மே மாதத்துப் படம் வந்ததும் மயங்கிப்போனார். வழுக்கி விழலாம் போன்ற பச்சைப் புல்வெளி, ஓரத்தில் ஒரு குட்டைக் குளம், குளக்கரையில் ஒரு கொக்கு. அதற்குப் பிறகு தாளைத் திருப்ப விடவில்லை. எங்கள் வீட்டில் அந்த வருஷம் முழுக்க மே மாதம்தான்.

எழுபதுகளின் நடுவில், வாடகை வீடுகளில் பல வருஷம் இருந்த பிறகு, ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். அவர் தொழிற்சாலையில் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். பதப்படுத்திய தோலுக்கு நிறம் கலந்து ஸ்பிரே அடிக்கும் இடம் அது. நான் அரசுப் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்கு முன்னால் நாலு கட்டில் போடும் அளவுக்கு மண்தரை இருந்தது. பின்னால் ஒரு கிணறு.

கிணற்றில் தண்ணீர் இருந்தது என்று சொல்வது பெருந்தன்மை. வாளியை இழுத்தால் மேலே நுரை நிற்கும். சோப்பு போட்டால் நுரைக்காது. துணி துவைத்தால் வெள்ளைச் சட்டை டீ குடித்த மாதிரி ஆகும். குடிக்கவும் சமைக்கவும் மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவரும் தண்ணீரை வாங்கினோம். தோல் தொழிற்சாலைகள் கழித்துவிட்ட தண்ணீர் பாலாற்று மணலுக்குள் போய் அப்படியே ஊர்க் கிணறுகளில் எட்டிப் பார்த்தது. எங்கள் சம்பளமும் அங்கிருந்துதான் வந்தது. அதனால் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

"இந்தத் தண்ணியில பருப்பே வேக மாட்டேங்குது. புல்லு எப்படிங்க முளைக்கும்?" என்று கேட்டேன்.

"பருப்பு வேற, புல்லு வேற. நீ இங்கிலீஷ் டீச்சர். இதெல்லாம் உனக்குப் புரியாது."

தோட்டத்துக்கு யோசனை சேகரிக்க வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பினார். என்னையும் கூட்டிப்போனார். வேலூர்க் கோட்டைப் பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்தோம். பெரிய டாக்டர்கள் குடியிருக்கும் பங்களாக்களை கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளேயிருந்து காவலாள் வந்து "இன்னா வேணும்?" என்று கேட்கும்வரை பார்த்தோம். ரயில்வே ஸ்டேஷன்களில் இறங்கி, சுண்ணாம்பு அடித்த கற்களையும் குரோட்டன்ஸ் செடிகளையும் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினோம். ஏலகிரி மலைக்கும் போனோம். பார்த்த இடத்திலெல்லாம் ஏதாவது ஒன்றை விடாமல் எடுத்துக்கொண்டார். ஸ்டேஷனிலிருந்து கற்கள், பங்களாவிலிருந்து வளைவு, கோட்டையிலிருந்து நடைபாதை. எல்லாவற்றையும் நாலு கட்டில் இடத்துக்குள் வைத்தார். நடைபாதை வாசற்படியில் தொடங்கி, மூன்றாவது அடியில் வளைவுக்குள் புகுந்து, மறுபடி வாசற்படிக்கே வந்து சேர்ந்தது.

படத்தில் இருந்தது போல ஒரு குட்டைக் குளம் கட்டுவதற்கு வேலூர் லாங் பஜாரில் உடைந்த டைல்ஸ் வாங்கினார். வேலூரை விட்டு வெளியே வரும் சாலையோரத்தில் சிமெண்ட் பொம்மை விற்பவனிடம் கொக்கு வாங்கினார். என் இடுப்பு உயரம். பஸ்ஸில் பெண்கள் பக்கத்துச் சீட்டில் எனக்குப் பக்கத்தில் அதை உட்கார வைத்துவிட்டு அவர் பின்னால் போய் நின்றுகொண்டார். கண்டக்டர் வந்து கொக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"கொக்கு."

"அது தெரியுது. சீட்ல உக்காந்தா டிக்கெட்டு. இல்லன்னா மடியில வச்சிக்கோ."

ஆம்பூர்வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதன் மூக்கு முன்சீட்டு அம்மாள் கொண்டையில் குத்திக்கொண்டே இருந்தது. அந்த அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் கணவர் ஜன்னல் வழியாகப் பாலாற்றைப் பார்த்தார்.

அடுத்தது பூந்தொட்டி. தொழிற்சாலையில் தோலை ஊறவைத்து உருட்டும் பழைய மரப் பீப்பாய் ஒன்றைக் கழித்துப்போட்டார்கள். அதைப் பாதியாக அறுத்து, மண் நிரப்பி, ரோஜா வைத்தார். வெயில் ஏற ஏற அந்த மரம் தன் பழைய உத்தியோகத்தை ஊருக்கு அறிவித்தது. ரோஜாவுக்கு உரமாக, தோலிலிருந்து சுரண்டிக் கழிக்கும் ஜவ்வை ஒரு டின்னில் கொண்டுவந்து புதைத்தார். "ஏலகிரியில ஒருத்தர் சொன்னாரு, இதவிட உரம் கிடையாது" என்றார். தெருநாய்கள் ஏலகிரிக்காரர் சொன்னதை ஒப்புக்கொண்டன. மறுநாள் காலையில் ரோஜாவை வேரோடு பிடுங்கி வாசலில் போட்டுவிட்டு, பீப்பாய்க்குள் மூன்று நாய்கள் நின்றிருந்தன. தோட்டத்தில் முதன்முதலாக உயிருள்ள ஏதோ ஒன்று சந்தோஷமாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

திருப்பத்தூர் பக்கத்திலிருந்து பத்தை பத்தையாகப் புல் வாங்கிவந்து பதித்தார். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். புல் முதலில் மஞ்சளானது, பிறகு வைக்கோலானது. அவர் மனம் தளரவில்லை. தொழிற்சாலையில் எல்லோரிடமும் தன் புல்வெளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எந்த அளவுக்குப் பேசினார் என்பது எங்கள் மகளுக்குக் காது குத்து வைத்தபோதுதான் தெரிந்தது.

"முதலாளி வர்றேன்னுட்டாரு" என்றார், முகம் வெளுத்து.

"நல்லதுதானே."

"காது குத்துக்கு இல்ல. தோட்டத்தப் பாக்க."

விசேஷத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது, லுங்கியைத் தூக்கிக் கட்டி, மூக்கில் கைக்குட்டை சுற்றிக்கொண்டு, மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கும் பம்பால் வைக்கோலின் மேல் பச்சைச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா, குடியாத்தத்தில் தறி வைத்திருந்த குடும்பத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர், மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். லுங்கிக்குச் சாயம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவரை ஏமாற்றுவது சுலபமல்ல.

"இன்னா டீச்சர், சார் புல்லுக்கு மருந்து அடிக்கிறாரா?"

"ஆமாக்கா. புல்லுக்கு உடம்பு சரியில்ல."

"ஜாஸ்தி அடிக்கிறாரு. சாயம் ஒழுங்கா ஏறணும்னா முதல்ல நனைக்கணும், சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் முதலாளி வந்தார். நல்ல மனிதர், குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தார். அவர் காலில் தன் தொழிற்சாலையிலேயே செய்த க்ரீம் கலர் ஷூ. என் கணவர் அவரை நடைபாதையில் அழைத்துப்போகத்தான் நினைத்தார். ஆனால் அந்த நடைபாதை யாரையும் எங்கேயும் கொண்டுபோகாது என்பதால் முதலாளி புல்லில் இறங்கி நடந்தார். தோலுக்கென்றே செய்த சாயம் அது. தோலைக் கண்டதும் போய்ப் பிடித்துக்கொண்டது.

முதலாளி ஷூவைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு புல்லைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார், சாம்பிள் தோலைத் தேய்த்துப் பார்ப்பது போல.

"நம்ம கலர்தானே இது?"

"ஆமாங்க சார்."

"எந்த ஷேட்?"

"ஆலிவ்ல கொஞ்சம் மஞ்சள் சேத்தேன் சார்."

"பிடிமானம் பத்தல. மேல லாக்கர் அடிச்சிருக்கணும்" என்றார் முதலாளி. புல்வெளியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அடுத்த மாசம் ஃபாரின் பார்ட்டி வர்றாங்க. நம்ம பங்களா லானும் இப்படித்தான் காஞ்சி கெடக்குது. நீ வந்து பாரு."

இவர் வேலை போய்விடும் என்று கவலையோடு கேசரித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வேலை போகவில்லை, கூடியது.

முதலாளி பங்களாவின் புல்வெளி பெரியது. மூட்டைப்பூச்சி பம்பு போதாது என்று, தொழிற்சாலையிலிருந்து கம்ப்ரஸரைக் கைவண்டியில் ஏற்றி ஊர் நடுவே தள்ளிக்கொண்டு போனார்கள். என் கணவர் அதற்குப் பின்னால் நடந்து போன நடையை நான் எங்கள் கல்யாண ஊர்வலத்தில்கூடப் பார்க்கவில்லை. முதல் நாள் சாயம் ஒரு கோட், மறுநாள் அது ஒட்டாமல் காக்கும் லாக்கர் மெருகு ஒரு கோட்.

வெளிநாட்டிலிருந்து தோல் வாங்கும் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அதே சாயங்காலம் ஓர் அதிகாரியும் வந்தார். நிலமெல்லாம் உப்புப் பூத்துப் போகிறது, தென்னை காய்க்கவில்லை என்று சுற்றுவட்டார விவசாயிகள் மனு கொடுத்திருந்தார்கள். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கலெக்டர் ஆபீஸிலிருந்து அவரை அனுப்பியிருந்தார்கள். முதலாளி இரண்டு விருந்தையும் ஒரே புல்வெளியில் வைத்தார். ஆங்கிலம் பேச ஆள் வேண்டுமென்று என்னையும் வரச் சொன்னார்.

அந்த வெள்ளைக்கார அம்மாள் நிஜமாகவே மயங்கிப்போனார். இந்த வெயிலில் இப்படி ஒரு பச்சை எப்படி என்று கேட்டார். முதலாளி என் கணவரைக் காட்டி, இவர்தான் எங்கள் தோட்ட நிபுணர் என்றார். அம்மாள் அவரிடம் ரகசியம் கேட்டார். என் கணவர் பொய் சொல்லத் தெரியாதவர். விறைப்பாக நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னார்: "ஒன்லி டூ கோட், மேடம்."

"டூ கோட்ஸ்?" என்று அம்மாள் வியந்தார். பூச்சு என்று இவர் சொன்ன கோட்டை, ஆடு என்று எடுத்துக்கொண்டுவிட்டார். இரண்டே இரண்டு ஆட்டை வைத்து, மேய்ச்சலுக்கு மேய்ச்சலும் உரத்துக்கு உரமுமாகப் புல்லை இப்படி வைத்திருக்கும் இந்தியர்களின் எளிமையைத் தன் கணவரிடம் போய்ப் புகழ்ந்தார். மொழிபெயர்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், திருத்த அல்ல. நான் டீ ஊற்றினேன்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலாளி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டினார்.

"பாருங்க சார். இதே பூமி, இதே கெணறு. தண்ணி கெட்டிருந்தா புல்லு இப்படி வருமா? விவசாயம் பண்ணத் தெரியாதவன் தண்ணியக் குத்தம் சொல்றான்."

அதிகாரி புல்வெளியைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க" என்றார்.

அதுவரை எனக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் என் வகுப்பு நினைவுக்கு வந்தது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். மதியம் பள்ளிக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு முகம் சுளிப்பார்கள். நான் எழுந்து போய், தோட்டத்து ஓரத்திலிருந்த கிணற்றுக் குழாயைத் திறந்து, நல்ல கண்ணாடி டம்ளர் ஒன்றில் பிடித்தேன். நுரை அடங்கும்வரை காத்திருந்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்து அதிகாரிக்கு நீட்டினேன்.

"சமோசா காரம் சார். தண்ணி குடிங்க. இதே கெணத்துத் தண்ணிதான்."

அவர் வாங்கி ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கன்னம் உப்பியிருந்தது. துப்ப இடம் தேடினார். ஒரு பக்கம் வெளிநாட்டுக்காரர்கள், ஒரு பக்கம் முதலாளி, எதிரே நான். வேறு வழியில்லாமல் விழுங்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கொஞ்சம் உப்பு" என்றார்.

"மினரல் சார்" என்றார் முதலாளி. "உடம்புக்கு நல்லது."

அதிகாரி சீக்கிரமே கிளம்பிவிட்டார். அவர் எழுதிய அறிக்கையால் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அடுத்த வருஷமும் அதே நுரை, அதே உப்பு. ஆனால் அதற்குப் பிறகு எந்த விருந்துக்கும் ஆங்கிலம் பேச என்னைக் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் என் கணவர் கேட்டார்.

"உன்ன யாரு தண்ணி குடுக்கச் சொன்னது?"

"வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கறது தப்பாங்க?"

"வண்டித் தண்ணி இருந்தது இல்ல அங்க?"

"அப்போ கெணத்துத் தண்ணி குடிக்க ஆவாதுன்னு நீங்களும் சொல்றீங்க."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய், வைக்கோல் நடுவில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். என்மேல் கோபமா, நான் சொன்னதை ஒப்புக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

எண்பதுகளில் அவருக்கு நல்ல கிராக்கி. கல்யாணம், வெளிநாட்டு விருந்தாளி, மந்திரி வருகை என்று எந்தப் பணக்கார வீட்டிலும் கைவண்டியில் கம்ப்ரஸர் போகும். மழைக்காலத்தில் மட்டும் ஓய்வு. ஒருமுறை விருந்து நடுவே தூறல் போட்டு, ஒரு மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் கணுக்கால்வரை பச்சையாகத் திரும்பிப் போனார்கள். அதற்கும் அவர் அஞ்சவில்லை, லாக்கரை மாற்றினார். கடைசியில் அவரைத் தோற்கடித்தது முதலாளியே. வெளிநாட்டிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்து விரிக்கும் பிளாஸ்டிக் புல்லை இறக்கிவிட்டார். என் கணவர் அதைக் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "உயிரே இல்ல அதுல" என்றார். நான் சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எங்கள் கிணறு மோசமாகிக்கொண்டே போனது. தண்ணீர் கொண்டுவரும் வண்டிக்கும் நல்ல கிணறு கிடைக்காமல் தூரமாகப் போகவேண்டி வந்தது. எனக்கு வேலூருக்கு மாற்றல் வந்ததும், அவர் ரயிலில் வேலைக்குப் போய்வரலாம் என்று வீட்டைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு அங்கே ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். வாசலில் கைப்பிடி அளவு மண் கிடையாது. நான் நிம்மதியாகச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவரைக் காணவில்லை. படியேறிப் போய்ப் பார்த்தேன். மொட்டைமாடி நடுவில் இடுப்பில் கைவைத்து நின்று, நாலு மூலையையும் அளப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கீழே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.