குருவிக்குக் கொடுத்த பின்னறை

மலேசியாவின் கிள்ளான் நகரத்துப் பழைய கடைவரிசையில், பூட்டிக் கிடந்த ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் தனலெட்சுமி குடியிருந்தாள். பந்திங் பக்கம் வேலை பார்த்த தோட்டத்தை முதலாளி விற்றபோது, தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்துகொண்டு வந்த குடும்பம். லோரி ஓட்டிய கணவன் அவளை இந்த மாடியில் குடிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். எதிரே இருந்த உணவகத்தில் அவளுக்குச் சமையல் வேலை. இனி யார் சொல்லியும் மூட்டை கட்டுவதில்லை என்று ஒரு வைராக்கியம் மட்டும் அவளிடம் மிச்சமிருந்தது.

பின்னறை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. ஒரு சாயங்காலம் அந்த வழியாகக் கருங்குருவிகள் இரண்டு உள்ளே வந்தன. அவற்றுக்குக் கம்பியில் உட்காரத் தெரியவில்லை. நகத்தால் சுவரைத்தான் பற்றிக்கொண்டன. தங்கள் எச்சிலையே இழை இழையாக ஒட்டி, உத்தரத்தின் ஓரம் பிறைபோல் ஒரு வெள்ளைக் கூடு கட்டின. இருட்டில் டிக்டிக்கென்று ஒலி எழுப்பி, அந்த ஒலியிலேயே வழி கண்டுபிடித்துப் பறந்தன.

தேடி வந்த குருவியை விரட்டினால் குடி விளங்குமா? வெளிச்சம் அவற்றுக்கு ஆகவில்லை என்று கண்டதும் பின்னறை பல்பைக் கழற்றினாள். உடைந்த கண்ணாடியை மாற்றவில்லை. மறுவருஷம் உத்தரம் நெடுகக் கூடுகள்.

வீட்டுச் சொந்தக்காரர் இறந்தபின் அவர் மகன் கார்த்திகேசுதான் பொறுப்பு. ஒழுகும் குழாயைப் பார்க்க வந்தவனை அவளேதான் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருங்க தம்பி, உங்க வீட்டுக்கு லெட்சுமி வந்திருக்கா."

கைப்பேசி வெளிச்சத்தில் அண்ணாந்தவன் வெகுநேரம் குனியவில்லை. "இது வாலிட் குருவிலா! இந்தக் கூட்டைத்தான் சீனவங்க சூப் வச்சுக் குடிக்கிறாங்க. கிலோ பல ஆயிரம் வெள்ளி. கலைச்சிடாதீங்க அக்கா."

"நானா கலைப்பேன்?"

அடுத்த முறை வந்தவன் உட்காரவில்லை.

"மாடி வேணும் அக்கா. குருவிக்கு."

"யாருக்கு?"

"குருவிக்குலா. ஜன்னலெல்லாம் செங்கல் வச்சு அடைக்கணும். ஆள் இருந்தா அதுங்க பெருகாது."

"ஆள் இருந்துதானே தம்பி பெருகிச்சு?"

அவன் ஜன்னலை அளக்கத் தொடங்கிவிட்டான்.

காலி செய்த அன்று மகள் ஷாமினி துடைப்பத்தோடு பின்னறைக்குப் போனாள். "ஒரு கூடு விடமாட்டேன்மா."

"வேணாண்டி. குஞ்சு இருக்கு. கூட்டைக் கலைச்சா குடி கலையும்."

"நம்ம குடி கலைஞ்சாச்சே, இன்னும் என்ன?"

தனலெட்சுமி துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

பண்டமாரான் அடுக்குமாடியில் ஓர் அறை கிடைத்தது. தினமும் பஸ் பிடித்து அதே உணவகத்துக்கு வேலைக்கு வந்தாள். ஜன்னலெல்லாம் அடைபட்ட எதிர் மாடியிலிருந்து, குருவிகளைக் கூப்பிடும் ஒலிப்பதிவு நாள் முழுக்கக் கீச்சிட்டது. ஒருநாள் ஆட்கள் கூடுகளைச் சுரண்டிக் கூடைகளில் இறக்கினார்கள். முட்டைகளையும் இறகு முளைக்காத குஞ்சுகளையும் வாளியோடு கொண்டுவந்து சாக்கடையில் கவிழ்த்தார்கள்.

கார்த்திகேசின் குடி கலையவில்லை. புதுக் காரில் உணவகத்துக்கு வந்து இறங்கி, தே தாரேக் தேநீர் கேட்டான்.

"எல்லாம் உங்க கைராசி அக்கா. பந்திங்கில இன்னொரு குருவி வீடு கட்டுறேன். நீங்கதான் வந்து விளக்கேத்தணும்."

தனலெட்சுமி கோப்பையை அவன் முன்னால் வைத்தாள். "அதுல எனக்கு ஒரு ரூம் குடுங்க தம்பி."

"அங்க ஜன்னலே கிடையாதுக்கா!" என்று அவன் சிரித்தான்.

"பல்பும் வேணாம். இருட்டு எனக்குப் பழக்கந்தான்."

அவன் அதையும் வேடிக்கையென்று நினைத்து, இன்னும் சத்தமாகச் சிரித்தான்.