ஸ்டிரிக்கின் மூக்குக் கண்ணாடிப் பணம்

1981 நவம்பர் 9: 1 டாலர்
2000 நவம்பர் 6: 2 டாலர்
2012 நவம்பர் 6: 5 டாலர்
2018 நவம்பர் 6: 5 டாலர்
2019 நவம்பர் 6: இல்லை

ஓல்ஷன் ஊர்க்காரர்கள் நடுவர் வெண்டல் ஸ்டிரிக்குக்கு, மூக்குக் கண்ணாடி வாங்கிக்கொள்ளும்படி ஆண்டுதோறும் அனுப்பிய தொகை இது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் பணம் தவறாமல் போனது. தொகை மாறவில்லை என்பதால் அவற்றை எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் ஸ்டிரிக்கிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வரும். "கிடைத்தது. இன்னும் சரியாகத் தெரியவில்லை" என்று மட்டும் அதில் எழுதியிருக்கும்.

பணத்தை உறையில் போட்டு அனுப்பும் பொறுப்பு எமில் ஹவ்லட்டிடம் இருந்தது. எமில் 1939இல் அதே ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தின் கொதிகலனைப் பார்த்துக்கொண்டார், புல் வெட்டினார், இலையுதிர் காலம் வந்தால் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோடு போடுவதற்குக் கூலி கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமை ஆட்டங்களில் ஊரே அந்தக் கோடுகளைப் பார்க்கும் என்பதால், கொதிகலனைவிட அதில்தான் அவருக்குப் பெருமை அதிகம். பிள்ளைகள் இல்லை. மனைவி லிபி 2010இல் இறந்துபோனாள். அதற்குப் பிறகு தானியக் கூட்டுறவு நிலையத்தின் எடைமேடை அறைதான் அவருடைய வீடு மாதிரி. காலையில் தன் கோப்பையோடு அங்கே போவார். அறையைக் கவனித்துக்கொள்ளும் டோரீன் காப்பி ஊற்றுவாள். சீட்டாட்டம் நடக்கும். சீட்டு அலுத்தால் 1981ஆம் ஆண்டு ஆட்டம் மேசைக்கு வரும்.

அன்று ஹார்மன் சிட்டிக்கு எதிரான ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று. ஓல்ஷன் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி வீச்சு. பதினேழு வயது கர்ட் ஸெலிங்கா வடக்கு முனையின் மூலையில் எம்பிப் பந்தைப் பிடித்தான். ஒரு கால் கோட்டுக்கு உள்ளே ஊன்றினால் போதும், டச்டவுன், ஆறு புள்ளி. கோட்டைத் தொட்டாலே வெளியே. பந்து கையில் இருந்தது, கால் ஊன்றியது, கூட்டம் எழுந்தது. ஸ்டிரிக் குனிந்து காலைப் பார்த்தார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் வீசி, வெளியே என்றார்.

"கால் உள்ளதான்யா இருந்துச்சு. நான் பாத்தேன்" என்பான் ஆர்லோ பெக். நிலையத்தின் லாரி ஓட்டுநர். தொண்டை பெரியது.

"நீ தெற்கு முனையில சாசேஜ் வித்துக்கிட்டு இருந்த" என்பாள் டோரீன்.

"அங்கேருந்தே தெரிஞ்சுதுன்னா பாத்துக்கோ, எவ்வளவு உள்ள இருந்துச்சுன்னு!"

கர்ட் இப்போது ஐம்பத்தைந்து வயது விவசாயி. சோளமும் சோயாவும். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவன் சிரிப்பான். "ஸ்டிரிக்குக்குக் கண்ணு சரியில்ல" என்று முடித்துவைப்பான். கண்ணாடிப் பணம் அனுப்பும் யோசனையும் அவனுடையதுதான். பள்ளிப் பையனாக, ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை, முதல் டாலரை அவன்தான் எமிலிடம் கொடுத்து அனுப்பச் சொன்னான்.

எமில் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

ஆட்டத்துக்கு முந்தின நாளே அவர் கோடு போட்டுவிட்டார். இரவில் பனி கொட்டியது. காலையில் பையன்கள் பனியை வாரித் தள்ளினார்கள். ஆனால் தரையோடு ஒட்டிய பனிப்படலத்தில் பழைய கோடு தெரியவில்லை. எமில் மறுபடி கயிறு கட்டினார். முனைக்கோட்டுக்குக் கயிற்றை உள்விளிம்பில் கட்டி, சுண்ணாம்பு வண்டியைக் கயிற்றுக்கு வெளிப்பக்கம் தள்ள வேண்டும். விறைத்த கையும் அவசரமுமாக, அன்று வடக்கு முனையில் உள்பக்கம் தள்ளிவிட்டார். மதியம் வெயில் வந்து படலம் உருகியபோது பழைய கோடும் வெளியே வந்தது. புதியதும் பழையதும் ஒட்டிப் படுத்து ஒரே தடித்த கோடாகத் தெரிந்தன. நான்கு அங்குலம் இருக்க வேண்டியது எட்டு அங்குலம். அவர் பார்த்தபோது கூட்டம் உட்கார்ந்துவிட்டது. ஈரப் புல்லில் சுண்ணாம்பைத் துடைத்தால் இன்னும் பரவும். பின்முனைக் கோட்டை யார் மிதிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

கர்ட் மிதித்தது உள்பக்கத்து நான்கு அங்குலத்தை. கண்ணுக்குத் தெரிந்த கோட்டின்படி ஸ்டிரிக் சொன்னது சரி. அந்த ஆட்டம் ஜெயித்திருந்தால் லிங்கன் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அடுத்த சுற்றுக்கு வந்து கர்ட்டைப் பார்த்திருப்பார்கள் என்று ஊரில் சொல்வார்கள். எமில் அதைக் கேட்கும்போதெல்லாம் கோப்பைக்குள் பார்ப்பார். லிபி இறந்த குளிர்காலத்தில் அவர் வீட்டு வாசலில் பனி வாரியது கர்ட்தான். இன்றும் வாருகிறான். அவனிடம் இதைச் சொல்லிவிட்டு எந்த நாற்காலியில் போய் உட்காருவது?

2019 நவம்பர் முதல் வாரத்தில், உறையில் போட ஐந்து டாலரை எமில் எடுத்து வைத்திருந்தபோது டோரீன் சொன்னாள்:

"இந்தத் தடவ அனுப்ப வேணாம்னு தோணுதுப்பா. அவரோட தங்கச்சி மகள எங்க நாத்தனார் பாத்தாளாம். ஸ்டிரிக்குக்கு இப்ப நெஜமாவே கண்ணு போயிடுச்சாம். வெளிச்சம் இருட்டு மட்டுந்தான் தெரியுதாம்."

சீட்டு நின்றது.

"அப்ப நாம சொன்னது சரிதான?" என்றான் ஆர்லோ. யாரும் சிரிக்கவில்லை. அவனே தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"அனுப்பலாம். நிறுத்துனாதான் அவருக்கு மனசு சங்கடமாயிடும்" என்றான் கர்ட்.

"கண்ணு தெரியாதவருக்குக் கண்ணாடிக் காசா? உனக்கு மனசு வருதா?" என்றாள் டோரீன்.

எமில் ஐந்து டாலர் தாளைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தார். "நல்லாக் கண்ணு தெரிஞ்ச மனுசன இத்தன வருசமாக் குருடன்னு சொல்லிட்டோம்" என்றார். "இப்ப அப்படியே ஆயிட்டாரு. கர்ட், கோடு எட்டு அங்குலம் இருந்துச்சு. நாந்தான் ரெண்டு தடவ போட்டேன். ரெண்டாவது தடவ கயித்துக்கு உள்பக்கம் தள்ளிட்டேன். நீ உள்ளதான் இருந்த. அவரு பாத்ததும் சரி. என் கோடுதான் தப்பு."

கர்ட் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தான்.

"தெரியும், எமில்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் போயி என் பூட்ஸ வச்சுப் பாத்தேன். ரெண்டு கோடு. நடுவுல ஒரு நூல் அளவு புல்லு தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் ஸ்டிரிக்க…"

"நீங்க சுண்ணாம்பு மூட்டையக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கம்பத்துக்கிட்ட நின்னீங்க. தோத்தது நாங்க, ஆனா எங்களவிட உங்க மூஞ்சிதான் மோசமா இருந்துச்சு. ஊரு யாரையாவது திட்டித்தான் ஆகணும். ஸ்டிரிக் இருக்கிறது நூறு மைலுக்கு அந்தாண்ட. நீங்க இருக்கிறது எங்க தெருவுல." கவிழ்த்த சீட்டை ஓரமாகத் தள்ளினான். "பள்ளிக்கூடப் பையன் யோசன. அவருக்கு எப்படி இருக்கும்னு அப்ப தோணல. அப்பறம் தோணுச்சு. ஆனா வேடிக்கையாப் பழகிப்போச்சு."

"லிங்கன்காரங்க உன்னப் பாத்திருப்பாங்க."

"பாத்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டாங்க. நான் எவ்வளவு மெதுவா ஓடுவேன்னு ஊருக்கே தெரியும், உங்களத் தவிர."

ஆர்லோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப இத்தன வருசமா நான் கத்துனதெல்லாம் வீணா?"

"நீ கத்துனதுல எதுதான் வீண் இல்ல?" என்றாள் டோரீன். சொல்லிவிட்டு எமிலின் கோப்பையை நிரப்பினாள்.

கடிதத்தை எமிலே எழுதினார். பெரிய எழுத்தாக எழுதத் தொடங்கினார். தங்கை மகள்தான் வாசிக்கப் போகிறாள் என்று டோரீன் சொன்ன பிறகு வழக்கமான அளவில் எழுதினார். கயிறு, பனி, எட்டு அங்குலம் எல்லாவற்றையும் சொன்னார். "அன்று நீங்கள் பார்த்தது சரி. இனி உங்களுக்குக் கண்ணாடிப் பணம் அனுப்ப எங்களுக்கு உரிமை இல்லை" என்று முடித்தார். கர்ட்டும் கீழே கையெழுத்துப் போட்டான். பதிலில் எப்படித் திட்டினாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்று எமில் நினைத்தார். பதில் வராமல் போவதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் முழுவதும் வரவில்லை. மாதக் கடைசியில் வந்த நன்றி கூறும் நாள் விருந்துக்குக் கர்ட்டின் மனைவி எமிலைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். வான்கோழிக் கறியைத் தட்டில் ஒதுக்கிவிட்டு, "அந்த மனுசன் கோவப்பட்டிருப்பாரு" என்றார் எமில். "கோவப்பட்டா திட்டி எழுதுவாரு. முதல்ல சாப்பிடுங்க" என்றான் கர்ட்.

கடைசியில் வந்தது. அஞ்சலட்டை இல்லை, உறை. தங்கை மகளின் கையெழுத்து. எமிலுக்குக் கண்ணாடி கிடைக்காததால், எடைமேடை அறையில் டோரீன் உரக்க வாசித்தாள்.

"ஓல்ஷன் நண்பர்களுக்கு. ஆட்டத்துக்கு முன் மைதானத்தைச் சுற்றி நடந்து கோடுகளைச் சரிபார்ப்பது நடுவர்களின் வேலை. வடக்கு முனை என் பொறுப்பு. குளிருக்குப் பயந்து நான் போகவில்லை. உங்கள் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். நல்ல சூடாக இருந்தது, ஹவ்லட்டிடம் சொல்லவும். எட்டு அங்குலக் கோட்டைப் பார்க்காதவனுக்குக் கண்ணாடிப் பணம் நியாயமாகச் சேர வேண்டியதுதான். இந்த ஆண்டுத் தொகை இன்னும் வரவில்லை."

கையெழுத்தை மட்டும் அவரே போட்டிருந்தார். அது சாய்ந்து ஓடி, கடைசி எழுத்து தாளின் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தது. ஆர்லோ எட்டிப் பார்த்தான். எழுந்து நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் வீசினான்.

"வெளிய!"

எமில் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. கர்ட் அவர் தோளில் கை வைத்தான், எடுக்கவில்லை. ஐந்து டாலர் அன்றைய தபாலிலேயே போயிற்று.

ஸ்டிரிக்கிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் அது. வந்து சேர்ந்த நாள் 2019 டிசம்பர் 9, திங்கட்கிழமை.