மேகமில்லாத மார்கழி

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்கா பட்டு நெய்கிறவர். ஒரு மார்கழி மாலை, சாயம் போட்ட சிவப்பு நூலையும் அதன் கீழே வெள்ளை நூலையும் மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தார்.

“டீச்சர், நூலு இன்னும் ஈரமா இருக்குது. ராத்திரி அப்படியே உட்டுறலாமா?”

கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினேன். “மேகமே இல்ல, மழை வராது. விடுங்கக்கா.”

காலையில் நூல் பனியில் நனைந்திருந்தது. சிவப்பு சொட்டி, வெள்ளை திட்டுத்திட்டாகிவிட்டது.

பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் மேலே விடும். காற்றிலுள்ள நீராவியும் மேகமும் அதைப் பிடித்து, ஒரு பகுதியைக் கீழே திருப்பும். வானம் தெளிந்திருந்தால் வெப்பம் அதிகம் தப்பிப் போகும். தரை குளிர்ந்து பனி இறங்கும். இதை வருடாவருடம் வகுப்பில் நடத்துகிறவள் நான்.

“எல்லாம் என் புத்தி, எறக்கி வெச்சிருக்கணும்” என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டார். திட்டு மறைய வெள்ளை நூலை அரக்குச் சாயத்தில் முக்கியெடுத்தார்.

ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன்: “தப்பு என்னுதுக்கா. தெளிஞ்ச வானத்துலதான் பனி கொட்டும்னு எனக்குத் தெரியும்.”

“மறந்திருப்பீங்க, உடுங்கம்மா” என்று காப்பியை நீட்டினார்.

மறக்கவில்லை, யோசிக்கவே இல்லை. அதைச் சொல்லாமலே காப்பியை வாங்கிக்கொண்டேன்.