ஏழாம் பள்ளிக்கூடத்து முகடு

1. இரண்டு கடதாசிகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மனேச்சர் ஐயா என் கையில் இரண்டு கடதாசிகளைத் தந்தார். ஒன்று இங்கிலிசில் டைப் அடித்தது, சபைக்குப் போவது. மற்றது தமிழில் கையால் எழுதியது, ஊர்களுக்குப் போவது.

"இரண்டிலையும் ஒரே விஷயந்தான். ஆனால் மாறிக் குடுத்திடாதை," என்றார்.

ஒரே விஷயமென்றால் மாறிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அப்படிக் கேட்டே மூன்று வேலைகளை இழந்திருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மலாயாவில் இறப்பர்த் தோட்டம், காங்கேசன்துறையில் மூட்டை, மன்னாரில் உப்பு என்று ஓர் இடத்தில் ஒரு வருடத்துக்குமேல் தங்கியதில்லை. சைக்கிள் ஓடவும், இங்கிலிசை எழுத்துக்கூட்டி வாசிக்கவும், சத்தமாகப் பேசவும் தெரியும் என்பதால் இந்த வேலை கிடைத்தது.

சபை என்பது யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெரியவர்கள் சிலர். கிராமங்களில் பதினொரு தமிழ்ப் பள்ளிக்கூடங்களை நடத்தினார்கள். பதினொன்றுக்கும் மேலாளர் மனேச்சர் ஐயா. வாத்தியார்மாரை நியமிப்பது, கட்டடம் திருத்துவது, அரசாங்க இன்ஸ்பெக்டருக்குப் பதில் எழுதுவது எல்லாம் அவர்தான். மாதம் ஒருமுறை சபைக்கு ஒரு றிப்போட், ஊர்ச் சனங்களுக்கு ஒரு நோட்டீஸ் எழுதுவார். நான் றிப்போட்டைப் பட்டினத்தில் சேர்த்துவிட்டு, நோட்டீசோடு பதினொரு ஊருக்கும் சைக்கிளில் போகவேண்டும். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டி, வாசிக்கத் தெரியாதவர்களுக்காக உரத்து வாசித்து, சனங்கள் சொல்வதைக் கேட்டுவந்து ஐயாவிடம் சொல்லவேண்டும். கேட்டுவந்ததை நான் ஒழுங்காகச் சொன்னேன். அவர் ஒழுங்காகத் தலையாட்டினார். அடுத்த மாத நோட்டீசில் அதில் ஒரு சொல்லும் இருக்காது.

நல்ல மனிதர்தான். ஒருவரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கித் தின்னமாட்டார். அவரிடம் ஒரு குறை இருந்தது. தான் எழுதியது நடந்துவிட்டது என்று நம்பிவிடுவார்.

2. நடு ஒழுங்கை

பதினொன்றில் என் உயிரை வாங்கியது ஏழாம் நம்பர்ப் பள்ளிக்கூடம். தென்மராட்சியில் ஓர் ஊர். பெயர் சொல்லமாட்டேன், அந்த ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஊருக்கு நடுவே ஓர் ஒழுங்கை. அதற்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு ஒரு கோயில், மேற்கே உள்ளவர்களுக்கு ஒரு கோயில். திருவிழாவில் காளாஞ்சி மரியாதை முதலில் யாருக்கு என்று எப்போதோ தொடங்கிய பிணக்கில் கோயில் இரண்டாகியதாம். ஒழுங்கை முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம். காணியில் பாதி கிழக்கார் கொடுத்தது, பாதி மேற்கார் கொடுத்தது. அரைச்சுவர் வைத்து, பனையோலை வேய்ந்த நீண்ட கொட்டில். தண்ணீர்க் குடமும் இரண்டு.

அங்கே தலைமை வாத்தியார் கதிரேசு. வெளியூர்க்காரர், மெலிந்த மனிதர். முதல் தடவை நான் போனபோது லொக் புத்தகத்தைத் திறந்து காட்டினார். இன்ஸ்பெக்டர் தன் கையால் எழுதியிருந்தார்: கூரை உக்கிப்போயிற்று, கார்த்திகையில் திரும்ப வருவேன், அப்போதும் பிள்ளைகள் நனைந்தால் இந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் அரசாங்க இடாப்பிலிருந்து வெட்டப்படும்.

"வெட்டினால்?" என்றேன்.

"பூட்டவேண்டியதுதான். பெடியள் அடுத்த ஊருக்கு நடப்பாங்கள். பெட்டையள்?"

பதில், வாசலில் மகள்மாரைக் கூட்டிப்போக வந்து நின்ற ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. பெயர் பொன்னம்மா. புகையிலைத் தோட்டத்தில் கூலிக்கு நிற்பவள். "அடுத்த பள்ளிக்கு வயல் வெளி கடந்து போகவேணும். மாரியிலை இடுப்பளவு தண்ணி நிக்கும். நான் என்ரை பிள்ளையளை விடன். ஒருத்தியும் விடமாட்டாள். பிறகு அதுகளும் என்னைப்போலை கையெழுத்துக்குப் பெருவிரலை ஊண்டுறதுதான்."

இருபத்தெட்டுப் பெண்பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படித்தார்கள்.

3. இருபுறமும்

ஓலை வெட்டி மிதித்துக் காயவைக்கிற காலம் ஆவணி. அந்த மாத நோட்டீசில் ஐயா ஊராரை வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுகோளையே நான் இரண்டு பிரதியாகக் கொண்டுபோனேன். ஒன்றில் கிழக்கு முருகேசரின் பெயர் முதலில், மற்றதில் மேற்கு வேலுப்பிள்ளையரின் பெயர் முதலில். இந்த யோசனை ஐயாவுடையது. இதற்காகவே அவரைக் கும்பிட்டிருக்கலாம்.

கிழக்கார் ஒரு சனிக்கிழமை வந்து கிழக்குப் புறக் கூரையை இரண்டு நாளில் வேய்ந்தார்கள். அடுத்த சனிக்கிழமை மேற்கார் வந்து மேற்குப் புறத்தை ஒன்றரை நாளில் வேய்ந்தார்கள். நான் பல இடங்களில் கூரை பார்த்தவன். இவ்வளவு நெருக்கமான வேய்ச்சலைப் பார்த்ததில்லை. ஒருவரையொருவர் வெல்ல வேய்ந்த கூரை. வேய்ந்து முடித்ததும் எல்லோரும் முழுகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

முகடு அப்படியே கிடந்தது.

இரு சரிவும் சேருகிற உச்சியில் ஓலையை மடித்துப் போட்டு, மேலே மட்டை வைத்து, நாரால் இறுக்கிக் கட்டினால்தான் கூரை கூரையாகும். இல்லாவிட்டால் கொட்டிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு சாண் அகலத்துக்கு வானம் தெரியும். தெரிந்தது.

நான் முருகேசரிடம் போனேன். பெரிய புகையிலைத் தோட்டக் கமக்காரர். கிழக்கில் அவர் சொல்தான் சொல்.

"ஐயா, முகடு?"

"எங்கடை பக்கம் எங்கையாவது ஒழுகுதோ?"

"இல்லை. நடுவிலை..."

"நடு எங்கடை பக்கமோ?"

"நீங்கள் கட்டிவிட்டால் என்ன?"

"நாங்கள் கட்டுவம். அவங்கள் விடாங்கள். போய்க் கேட்டுப் பார்."

ஒழுங்கையைக் கடந்து வேலுப்பிள்ளையரிடம் போனேன். அவர் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

"முகடு கட்டுறவன் எப்பிடி இருந்து கட்டுவான்?" என்று என்னைக் கேட்டார்.

"இரண்டு பக்கமும் காலைப் போட்டு."

"அப்ப கிழக்கான்ரை ஒரு கால் எங்கடை ஓலையிலை. விடுவமோ?"

"உங்கடை ஆள் ஏறட்டும்."

"அவன்ரை ஓலையிலை எங்கடை ஆள் கால் வைப்பானோ? எங்களுக்கென்ன வேறை வேலையில்லையோ?"

பக்கத்துக்கு ஓர் ஆள் ஏறி, அவரவர் சரிவில் நின்று, நடுவில் சேர்த்துக் கட்டலாமே என்று இருவரிடமும் சொன்னேன். இதற்காக அந்த ஒழுங்கையை ஒரே நாளில் ஐந்துமுறை கடந்தேன். இரண்டு பேரும் சம்மதித்தார்கள். ஆறாம் முறை கடந்தபோது முருகேசர் கேட்டார்: "மடிக்கேக்கை எவன்ரை ஓலை மேலை வரும்?"

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

4. முடிந்த வேலை

ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த மாத றிப்போட்டை எடுத்துக் காட்டினார். "ஏழாம் பள்ளிக்கூடத்தின் கூரை இருபுறமும் வேய்ந்து முடிந்தது" என்று இங்கிலிசில் இருந்தது. சபை அதைப் பாராட்டித் தீர்மானமும் போட்டிருந்தது.

"இதிலை பொய் இருக்கோ?" என்று கேட்டார்.

"பொய் இல்லை ஐயா. முகடு இல்லை."

"இருபுறம் எண்டுதானே எழுதியிருக்கு."

"மழை நடுவாலை வரும் ஐயா. பட்டினத்திலையிருந்து இரண்டு கூலியாளை அனுப்பினால் அரைநாள் வேலை."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் யோசிப்பதற்கு அடையாளம். யோசித்துவிட்டு, "முடிஞ்சுதெண்டு எழுதிப்போட்டு, அந்த வேலைக்கு ஆள் அனுப்பச் சொல்லி சபையிட்டை எப்பிடிக் கேக்கிறது? முடிஞ்ச வேலையைத் திரும்பவும் முடிக்கிறதோ?" என்றார். "நீ நல்லாக் கதைப்பாய். அவையைச் சமாதானப்படுத்து."

இது ஐப்பசி பிறந்தபோது. அதற்குப்பின் மூன்று தரம் போனேன். மூன்று தரமும் இருபக்கமும் எனக்கு மோர் தந்தார்கள். முகடு பற்றிக் கதைத்தால் மழை பற்றிக் கதைத்தார்கள். மழை பற்றிக் கதைத்தால் மற்றவர்களின் குணம் பற்றிக் கதைத்தார்கள்.

5. நடுவில் விழுந்த மழை

கார்த்திகை நோட்டீசோடு நான் போன காலை பிடித்த மழை விடவில்லை. இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வருகிறார் என்பது அந்த நோட்டீசில் முக்கியமான செய்தி. அன்று வியாழன். சனங்கள் கேட்க வந்து கொட்டிலுக்குள் ஒதுங்கினார்கள். கிழக்கார் கிழக்குப் புறத்தில், மேற்கார் மேற்குப் புறத்தில். இருபுறமும் ஒரு துளி ஒழுகவில்லை. நடுவில் முகட்டு வெளியால் மழை திரைச்சீலைபோல இறங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் பிள்ளைகளைச் சுவரோரமாக நெருக்கி நிறுத்தியிருந்தார். கரும்பலகையின் நடுவால் தண்ணீர் வழிந்தது. வகுப்பு இடாப்பைத் தன் சால்வைக்குள் சுற்றி வைத்திருந்தார்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். சபையாரின் ஆசிகள். பிள்ளைகளின் வரவு குறைந்த பள்ளிகளின் பெயர்கள். பிறகு இந்த வரி வந்தது: "ஏழாம் பள்ளிக்கூடத்தின் கூரை வேலை ஊராரின் பேருதவியால் இனிது நிறைவேறியமை குறித்துச் சபையார் பெருமகிழ்வு எய்துகின்றனர்."

பொன்னம்மா பின்னால் நின்றாள். "தம்பி, அது எங்கையிருக்கிற பள்ளிக்கூடம்?" என்றாள்.

இருபுறமும் சிரிப்பு எழுந்தது. முருகேசரும் சிரித்தார், வேலுப்பிள்ளையரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு மாதமாக இந்த ஒழுங்கையைக் குறுக்கும் நெடுக்கும் உழுதவன் நான். கடதாசியை மடித்து மடியில் செருகினேன்.

"திங்கட்கிழமை இந்தப் பள்ளிக்கூடத்தின்ரை பேரை வெட்டப்போறாங்கள். ஓலை நல்ல ஓலை. வேய்ச்சல் நல்ல வேய்ச்சல். வெட்டுறது நடுவிலை இருக்கிற ஒரு சாணுக்காக. நான் ஏறிக் கட்டினால் ஆருக்காவது ஆட்சேபனையோ?" என்றேன்.

"நீ ஆரின்ரை மோன்? எந்த ஊர்?" என்றார் வேலுப்பிள்ளையர். நான்கு மாதம் எனக்கு மோர் தந்தவர் அன்றுதான் அதைக் கேட்டார்.

"வடமராட்சிக் கரையிலை பிறந்தது. இப்ப ஓர் ஊருமில்லை."

அவர் முருகேசரைப் பார்க்காமல், கொட்டிலின் தூணைப் பார்த்துச் சொன்னார்: "உவன் ஒருத்தற்றை பக்கமுமில்லை."

முருகேசரும் இன்னொரு தூணைப் பார்த்தார். "ஓலை ஆரின்ரை?"

"கொடிகாமத்துச் சந்தை ஓலை. உங்கடையுமில்லை, அவையின்ரையுமில்லை."

முருகேசர் அண்ணாந்து முகட்டைப் பார்த்து, "ஏறட்டும்," என்றார். மேற்கிலிருந்து ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்காததே பெரிது என்று எடுத்துக்கொண்டேன்.

6. இரண்டு கால்

வெள்ளிக்கிழமை வாத்தியார் வாங்கிய ஓலை கொடிகாமத்திலிருந்து வந்தது. வண்டியையும் வாத்தியாரே பேசிப் பிடித்திருந்தார். சனி காலை மழை சற்று ஓய்ந்ததும் ஏறினேன். மலாயாவில் அத்தாப்பு ஓலைக் கொட்டில்களுக்கு முகடு கட்டியிருக்கிறேன். ஆனால் அங்கே கீழே ஊர் கூடி நின்று பார்த்ததில்லை.

இடது கால் கிழக்கில். வலது கால் மேற்கில். ஈர ஓலை வழுக்கியது.

"உந்தக் காலைப் பதமா வை, எங்கடை ஓலை முறியும்," என்று கிழக்கிலிருந்து.

"பாரத்தை அங்காலை போடு," என்று மேற்கிலிருந்து.

"அப்ப இஞ்சாலை போடச் சொல்லுறியளோ?" என்று மறுபடி கிழக்கிலிருந்து.

"அவனைக் கட்டவிடுங்கோவன்," என்று வாத்தியார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பத்து முழம் கட்டியபின் நார் தீர்ந்தது. மேலே இருந்தபடி கேட்டேன். கிழக்கிலிருந்து ஒரு கட்டு நார் எறிந்தார்கள். அது கைக்கு வருமுன் மேற்கிலிருந்தும் ஒரு கட்டு வந்து முதுகில் விழுந்தது. ஒன்றை மட்டும் பாவித்தால் மறுபடி இறங்கிச் சமாதானம் பேசவேண்டும் என்பதால், இரண்டிலும் மாறி மாறி எடுத்துக் கட்டினேன். இதனால் அரைநாள் வேலை மாலை வரை இழுத்தது. இறங்கும்போது உள்ளங்கை மட்டைக் கருக்கில் கிழிந்து இரத்தம். பொன்னம்மா மஞ்சளை நல்லெண்ணெயில் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கட்டு நேராக இல்லை என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் பிணக்கில்லை. உண்மையும் அதுதான்; நடுவில் கொஞ்சம் வளைந்திருந்தது.

திங்கட்கிழமை நல்ல மழை. இன்ஸ்பெக்டர் நனைந்த சப்பாத்தோடு உள்ளே வந்தார். அண்ணாந்து பார்த்தார். நடந்து மறுமுனை வரை போனார். பிள்ளைகளை எண்ணினார்; வாசிக்கச் சொன்னார். லொக் புத்தகத்தில் "கூரை திருப்தி" என்று எழுதினார். பொன்னம்மாவின் மூத்த மகள் நிமிர்ந்து நின்று பாடம் வாசித்தாள் என்று வாத்தியார் பிறகு சொன்னார். நான் அப்போது ஒன்பதாம் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

7. ஐயாவின் அடுத்த றிப்போட்

மார்கழி றிப்போட்டில் ஐயா இப்படி எழுதினார்: "ஏழாம் பள்ளிக்கூடத்தின் கூரை, முன்னர் அறிவித்தவாறே, முடிந்த நிலையில் இருக்கிறது."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, றிப்போட்டிலை ஒரு கட்டம் கூட்டினால் நல்லம்."

"என்ன கட்டம்?"

"ஒருத்தரும் செய்ய ஒப்பாமல் நிக்கிற வேலை எது எண்டு."

"அப்பிடி ஒரு கட்டம் சபையின்ரை படிவத்திலை இல்லை," என்றார். கோபமில்லாமல், உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

சித்திரைக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டு வேறு பக்கம் போனேன். பிறகு பல இடங்களில் மேஸ்திரியாக, கண்காணியாக, கிட்டங்கிக் காவலாக நின்றிருக்கிறேன். கீழே வேலை செய்தவர்கள் வந்து, "எங்கடை பங்கு முடிஞ்சுது" என்பார்கள். மெய்யாகவே முடித்திருப்பார்கள். நான் அவர்களைச் சந்தேகப்படவில்லை. ஆனால் எந்தப் பங்கிலும் சேராமல் கிடப்பது எது என்று நானே போய்ப் பார்க்காமல் ஒரு நாளும் மேலே அறிவித்ததில்லை. இப்போது அலுவலகங்களில் இருந்து அறிக்கை எழுதுகிற பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது இவ்வளவுதான். அவரவர் பங்கை அவரவர் சொல்லக் கேட்டு எழுதிவிடாதீர்கள். ஏணியைக் கேட்டு வாங்குங்கள். ஏறிப் பாருங்கள். கீழே நிற்பவர்கள் உங்கள் காலைப் பற்றித்தான் கதைப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டே கட்டுங்கள்.