துரை வந்தால் எழ வேண்டும்

எனக்கு மைக் என்றால் கொள்ளை ஆசை. எங்கள் தீவு நகரத்தில், ஹேடோ பகுதியில், நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி ஒரு நாவலையோ படத்தையோ வைத்துப் பேசுவோம். போன மாதம் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகளைப் பற்றிய படம். முடிந்ததும், காலனி ஆட்சி நம் மனதில் எதை விட்டுப்போனது என்று நான் பேச வேண்டும்.

அம்மா இலங்கை மலைத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் பிறந்தவள். சிறுமியாகக் கப்பலேறி வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி என்னைப் படிக்க வைத்தாள். லம்பா லைன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அவளையும் அழைத்துப் போனேன். பேச்சின் நடுவே கூட்டத்துக்குக் காட்டலாம் என்ற நினைப்பு. சொல்லவே கூசுகிறது.

திரையில் துரை குதிரையில் வந்தான். கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். என் பக்கத்தில் அம்மாவும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். பின்னால் சிரித்தார்கள். "அரே, பைட்டோ!" என்று உட்காரச் சொல்லி ஒருவர் இந்தியில் கத்தினார். எனக்கு மானம் போயிற்று. சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காரும்மா, படந்தானே!"

"தெரியும் புள்ள. தொரையக் கண்டதும் காலு தானா எந்திரிச்சிருச்சி."

அவமானம் போன இடம் தெரியவில்லை. பேச்சுக்கு முதல் வரி கிடைத்துவிட்டது! என் அம்மாவின் கால்களில் இன்னும் துரை இருக்கிறான். கைதட்டல்கூட எனக்குக் கேட்டுவிட்டது.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. அப்போதுதான் எங்கள் அலுவலகப் பெரிய அதிகாரி உள்ளே வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, நம்மவர்தான். என் மாற்றல் அவர் கையில் இருந்தது. நாற்காலி ஒன்றும் காலியில்லை. மற்றவர்கள் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். நான் எழுந்தேன்.

"ஆயியே சார், ஆயியே!" என்று வரவேற்றேன். பிறகு திரும்பி, "அம்மா, கொஞ்சம் எந்திரி."

என் நாற்காலியைக் கொடுத்திருக்கலாம். நான்தான் மைக்குக்குப் போகப் போகிறேனே. அது அப்போது தோன்றவில்லை.

அம்மா எழுந்து போய்ச் சுவரோரம் நின்றாள். அவர் அவளைப் பார்க்காமலே உட்கார்ந்தார்.

அந்த முதல் வரியை நான் சொல்லவில்லை. புத்தகங்களில் படித்ததை எல்லாம் ஒப்பித்துவிட்டு இறங்கினேன். நன்றாகவே கைதட்டினார்கள்.

ஆட்டோவில் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாப் பேசுன புள்ள. தொரையே கை தட்டுனாரு, பாத்தியா?"